கடை வைத்திருப்பவர் உயில் எழுதுவது எப்படி? முதல்முறை எழுதுபவர்களுக்குப் படிப்படியாக

என் சித்தப்பா முப்பது வருடம் ஹார்டுவேர் கடை நடத்தியவர். உயிலும் எழுதி வைத்திருந்தார். அதில் கடையைப் பற்றி இருந்தது ஒரே வரி: "என் கடையை என் மூத்த மகனுக்குக் கொடுக்கிறேன்."

அவர் காலமான பிறகு அந்த ஒரு வரிக்கு என்ன அர்த்தம் என்பதுதான் வீட்டில் சண்டை. கட்டடம் வாடகைக் கட்டடம். சரக்கின் மேல் வங்கியில் ஓவர்டிராப்ட் இருந்தது. கரண்ட் அக்கவுண்டில் கிடந்த பணம் கடைப் பணமா, சித்தப்பாவின் சொந்தப் பணமா? கட்டட உரிமையாளரிடம் இருந்த அட்வான்ஸ் யாருக்கு? கொத்தனார்கள் தர வேண்டிய பாக்கியை யார் வசூலிப்பது? ஏழு மாதம் ஷட்டர் இறங்கியே கிடந்தது. பெயிண்ட் டப்பாக்கள் உள்ளே இறுகிப்போயின. அண்ணன் தம்பி இருவரும் இன்றுவரை சரியாகப் பேசிக்கொள்வதில்லை.

அதனால்தான் இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டில் தன் பெயரில் சின்னதாக ஒரு கடையோ பட்டறையோ நடத்துபவரை மனதில் வைத்துச் சொல்கிறேன். வாரிசுரிமையில் இந்து சட்டத்தை அடிப்படையாக எடுத்துக்கொள்கிறேன். மற்றவர்களுக்கு மாறும் இடங்களைக் குறிப்பிடுகிறேன்.

படி 1: உயில் இல்லாவிட்டால் யாருக்குப் போகும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இந்து ஆண் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருடைய சொத்து முதல் வகுப்பு வாரிசுகளுக்குச் சமமாகப் போகும். மனைவி, மகன், மகள், தாய் எல்லோருக்கும் ஆளுக்கொரு பங்கு. மகளுக்குக் கல்யாணமாகிவிட்டது என்பதால் பங்கு குறையாது. தந்தை இந்த முதல் வகுப்பில் வரமாட்டார்.

தாயின் பங்கைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். உங்கள் அம்மா உயிரோடிருக்கும்போது நீங்கள் போய்விட்டால், கடையில் ஒரு பங்கு அம்மாவுக்கு. பிறகு அம்மாவும் உயில் எழுதாமல் காலமானால் அந்தப் பங்கில் உங்கள் கூடப்பிறந்தவர்களுக்கும் உரிமை வரும். இப்படித்தான் கடையில் ஒருநாள்கூட உட்காராதவர்கள் அதில் பங்காளி ஆகிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, சட்டம் அப்படி.

கிறிஸ்தவர்களுக்கு 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு. இஸ்லாமியர்கள் வாரிசுகளின் சம்மதம் இல்லாமல் உயிலால் கொடுக்கக்கூடியது பொதுவாக மூன்றில் ஒரு பங்குதான். அவர்கள் எழுதும் முன் தங்கள் சட்டம் தெரிந்த வக்கீலைப் பார்ப்பது அவசியம்.

படி 2: "கடை" என்ற சொல்லைப் பிரித்து எழுதுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

தனி ஒருவர் நடத்தும் கடைக்குச் சட்டத்தில் தனி உயிர் கிடையாது. போர்டில் என்ன பெயர் இருந்தாலும் கடை என்பது நீங்கள்தான். கடையின் சொத்து உங்கள் சொத்து, கடையின் கடன் உங்கள் கடன். நீங்கள் போன மறுநிமிடம் "கடை" என்ற ஒன்று இருக்காது. சரக்கு, பணம், அட்வான்ஸ், பாக்கி, கடன் என்று துண்டு துண்டாகக் கிடக்கும்.

ஒரு நோட்டை எடுத்து உட்காருங்கள். கட்டடம் சொந்தமா வாடகையா? சொந்தம் என்றால் பத்திர எண், பட்டா, அது யார் பெயரில் இருக்கிறது. பரம்பரைச் சொத்தாக இருந்தால் அதில் உங்கள் பங்கை மட்டும்தான் உயிலில் எழுத முடியும். வாடகை என்றால் ஒப்பந்தத்தின் நகல், கொடுத்த அட்வான்ஸ் தொகை. பிறகு சரக்கு, தராசு, ஃபிரிட்ஜ், வண்டி, கம்ப்யூட்டர். கரண்ட் அக்கவுண்ட், வைப்புத்தொகை. கடைப் பெயரும் அதற்கு ஊரில் இருக்கும் நல்ல பெயரும்கூடச் சொத்துதான், எழுதுங்கள். கடைக்கு வர வேண்டிய பாக்கி. மறுபக்கத்தில் மொத்த வியாபாரிக்குக் கொடுக்க வேண்டியது, வங்கிக் கடன், நகைக் கடன், கைமாற்று.

கடனை மறைக்காதீர்கள். வாரிசுகள் பொதுவாகத் தங்களுக்குக் கிடைத்த சொத்தின் அளவுக்குத்தான் உங்கள் கடனுக்குப் பொறுப்பு. ஆனால் கடைக்காக மனைவியோ மகனோ ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் அது அவர்களையே நேராகப் பிடிக்கும். அதையும் பட்டியலில் குறித்துவையுங்கள்.

நாமினி விஷயத்தையும் இங்கேயே முடித்துவிடுவோம். வங்கிக் கணக்கில் நாமினி போட்டுவிட்டால் பணம் அவருக்கே சொந்தம் என்று நினைக்கிறோம். வங்கி யாரிடம் பணத்தைக் கொடுக்கலாம் என்பதைத்தான் நாமினி காட்டுகிறது. வாங்கியவர் அதை உண்மையான வாரிசுகளுக்காக வைத்திருப்பவர். கம்பெனிப் பங்குகளிலும் நாமினி உரிமையாளர் ஆகிவிட மாட்டார் என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. இருந்தாலும் நாமினி போடுங்கள், பணம் சீக்கிரம் கைக்கு வரும். 2025 நவம்பர் 1 முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு நாமினி வரை போடலாம். யார் பெயரை உயிலில் எழுதுகிறீர்களோ அவரே நாமினியாகவும் இருந்தால் குழப்பமே வராது.

படி 3: உயிலை எழுதுங்கள்

முத்திரைத்தாள் தேவையில்லை. வெள்ளைத்தாள் போதும், தமிழில் எழுதலாம், கையாலும் எழுதலாம். 18 வயது முடிந்த, சுயநினைவுள்ள எவரும் எழுதலாம். உங்கள் பெயர், வயது, முகவரி, இது என் கடைசி உயில், இதற்கு முன் எழுதியவை ரத்து என்று தொடங்கி, குடும்பத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று சொல்லுங்கள்.

கடைப் பகுதி ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

"மேற்படி முகவரியில் நான் நடத்திவரும் கடையின் சரக்கு, சாமான்கள், கடைப் பெயர், கட்டட உரிமையாளரிடம் உள்ள அட்வான்ஸ் தொகை, கடை பெயரிலுள்ள கரண்ட் அக்கவுண்டின் இருப்பு, வெளியிலிருந்து வர வேண்டிய பாக்கி ஆகிய அனைத்தையும் என் மகள் அடைய வேண்டியது. கடை சம்பந்தமான வங்கிக் கடனையும் வியாபாரக் கடனையும் அவரே தீர்க்க வேண்டியது. என் வீட்டை என் மனைவியும், வைப்புத்தொகையை என் மகனும் அடைய வேண்டியது. இங்கே குறிப்பிடாத மற்ற சொத்துகள் அனைத்தும் என் மனைவிக்கு."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். நீங்கள் மறந்துபோன ஒரு சேமிப்புக் கணக்கோ, இனி வாங்கப்போகும் ஒரு மனையோ அந்த வாக்கியத்தில் அடங்கிவிடும்.

யாருக்காவது கொடுக்கவில்லை என்றால் காரணத்தை அன்பாக இரண்டு வரியில் எழுதுங்கள். "மகனின் படிப்புக்கும் வீட்டுக்கும் ஏற்கெனவே செய்துவிட்டேன்" என்று ஒரு வரி இருந்தால் மகனுக்கும் மனம் ஆறும், நீதிமன்றத்துக்கும் கேள்வி குறையும்.

அப்புறம் உயிலை நிறைவேற்றுபவர் ஒருவரை நியமியுங்கள். வயதில் உங்களைவிடச் சிறியவர், கணக்கு தெரிந்தவர், எல்லோரோடும் பேசக்கூடியவர். பிள்ளைகள் மைனர் என்றால் யார் பார்த்துக்கொள்வது என்றும் எழுதுங்கள்.

படி 4: கையெழுத்தும் சாட்சியும்

உயில்கள் அதிகம் அடிபடும் இடம் இது. இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு கேட்பது மூன்று: நீங்கள் கையெழுத்திட வேண்டும் அல்லது கைநாட்டு வைக்க வேண்டும், குறைந்தது இரண்டு சாட்சிகள் இருக்க வேண்டும், அவர்கள் உங்கள் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். மூவரும் ஒரே அறையில் உட்கார்ந்து ஒரே பேனாவால் முடித்துவிடுவது நல்லது. ஒவ்வொரு பக்கத்தின் கீழேயும் கையெழுத்திடுங்கள்.

சொத்து பெறுபவரைச் சாட்சியாகப் போடாதீர்கள். வக்கீலைப் பார்க்க, டைப் அடிக்க, பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப்போக என்று எல்லாவற்றிலும் அவரே முன்னால் நிற்கவும் விடாதீர்கள். பயன்பெறுபவரே உயில் எழுதுவதில் பெரிய பங்கெடுத்திருந்தால், நீதிமன்றம் அதைச் சந்தேகத்துக்குரிய சூழ்நிலையாகப் பார்க்கும். அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கும் பொறுப்பும் அவர் தலையில்தான் விழும். வயது அதிகம், உடம்பு சரியில்லை என்றால், நினைவு தெளிவாக இருக்கிறது என்று டாக்டரிடம் அதே நாள் தேதியிட்ட சான்று வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 5: பதிவு

உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை. ஆனாலும் செய்துவிடுங்கள் என்பேன். சாட்சிகளோடு சார்பதிவாளர் அலுவலகம் போனால் அரை நாள் வேலை. பதிவு செய்துவிட்டதாலேயே உயில் நிரூபணம் ஆகிவிடாது. பிறகு வழக்கு வந்தால் ஒரு சாட்சியாவது வந்து சொல்லத்தான் வேண்டும். ஆனால் தாள் தொலைந்தது, மாற்றப்பட்டது என்ற பேச்சுக்கு இடமிருக்காது.

படி 6: இறந்த பிறகு குடும்பம் செய்ய வேண்டியது

இந்தப் பகுதியை வீட்டில் படிக்கக் கொடுங்கள்.

முதலில் இறப்புச் சான்றிதழ். பத்துப் பிரதியாவது வாங்குங்கள். அடுத்து வாரிசு சான்றிதழ், இதை வட்டாட்சியர் தருவார். இது யார் யார் வாரிசு என்று காட்டும் தாள் மட்டுமே, பங்கு பிரித்துத் தராது. உயில் இல்லாமல் வங்கியில் பெரிய தொகையோ வசூலிக்க வேண்டிய கடனோ இருந்தால் நீதிமன்றத்தில் வாங்கும் வாரிசுரிமைச் சான்றிதழ் கேட்கப்படலாம். பெயர் ஒரே மாதிரி இருந்தாலும் இது வேறு, வட்டாட்சியர் தருவது வேறு.

உயில் இருந்தால் புரோபேட் என்ற சொல் வரும். "இது உண்மையான கடைசி உயில்தான்" என்று நீதிமன்றம் முத்திரையிட்டுத் தரும் சான்று அது. நிறைவேற்றுபவர் மனு போடுவார். அசல் உயில், இறப்புச் சான்றிதழ், சொத்துப் பட்டியல், சாட்சி ஒருவரின் பிரமாணப் பத்திரம் ஆகியவை வேண்டும். வாரிசுகளுக்கு நோட்டீஸ் போகும், பத்திரிகையில் அறிவிப்பு வரும். யாரும் எதிர்க்கவில்லை என்றால் சான்று கிடைத்துவிடும். எதிர்த்தால் அது முழு வழக்காக மாறி வருடக்கணக்கில் போகும்.

சென்னை உயர் நீதிமன்றத்தின் நேரடி எல்லைக்குள் எழுதப்பட்ட, அல்லது அங்கே உள்ள அசையாச் சொத்தைப் பற்றிய இந்துக்களின் உயிலுக்குப் புரோபேட் கட்டாயம் என்று நீண்ட காலம் இருந்தது. மதுரையிலோ கோவையிலோ அப்படி இல்லை. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம், அதைக் கட்டாயமாக்கிய இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213-ஆம் பிரிவையே நீக்கியது. ஆனாலும் குடும்பத்தில் உரசல் இருந்தால் புரோபேட் வாங்கிவிடுவதே நிம்மதி.

படி 7: ஷட்டர் மூடாமல் இருக்க

உங்கள் ஜிஎஸ்டி பதிவு உங்கள் பான் எண்ணோடு கட்டப்பட்டது. மகள் அதே எண்ணில் பில் போட முடியாது. கடையைத் தொடர்பவர் 30 நாளுக்குள் தன் பெயரில் புதிய பதிவுக்கு விண்ணப்பித்து, உரிமையாளர் இறந்ததுதான் காரணம் என்று காட்ட வேண்டும். பழைய பதிவில் மீதமிருக்கும் உள்ளீட்டு வரி வரவை, அதாவது சரக்கு வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியில் இன்னும் கழித்துக்கொள்ளாததை, ஐடிசி-02 படிவத்தால் புதியதற்கு மாற்றலாம். பிறகு பழையதை ரத்து செய்ய விண்ணப்பிக்க வேண்டும். கடையைத் தொடர்ந்து நடத்துபவர் பழைய ஜிஎஸ்டி பாக்கிக்கும் பொறுப்பு. அதனால் ஆடிட்டரின் பெயரும் எண்ணும் வீட்டில் தெரிந்திருக்க வேண்டும்.

மளிகை, ஓட்டல் என்றால் உணவுப் பாதுகாப்பு உரிமம் இறந்த நாளிலிருந்து 90 நாள் வரை குடும்பத்துக்குச் செல்லுபடியாகும். அதற்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். நீங்கள் கொடுத்த பவர் பத்திரமோ உங்கள் உயிரோடு முடிந்துவிடும். நீங்கள் காலமான பிறகு, நீங்கள் முன்பே கையெழுத்திட்டு வைத்த செக்கை நிரப்பிப் பணம் எடுப்பது பெரிய சிக்கலில் கொண்டுபோய் விடும், யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

கூட்டு வியாபாரம் என்றால் உயிலை விடப் பங்குதாரர் ஒப்பந்தம் முக்கியம். வேறுவிதமாக எழுதியிருந்தால் ஒழிய, ஒரு பங்குதாரர் இறந்தவுடன் நிறுவனம் கலைந்துவிடும் என்கிறது 1932-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம். இருவர் மட்டுமே இருந்த கூட்டு என்றால் தனியாக மிஞ்சுபவரோடு கூட்டு நீடிக்காது. இறந்தவரின் பங்கை எப்படி மதிப்பிடுவது, எத்தனை மாதத்தில் கொடுப்பது என்று இப்போதே எழுதுங்கள்.

படி 8: மாற்றமும் பாதுகாப்பும்

உயிலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். பேனாவால் அடித்துத் திருத்தாதீர்கள், சாட்சியில்லாத திருத்தம் செல்லாது. புதிதாக எழுதி, பழையதைக் கிழித்துவிடுங்கள். கிறிஸ்தவர்கள் உயில் எழுதியபின் திருமணம் செய்தால் பழைய உயில் தானாக ரத்தாகும். இந்துக்களுக்கு அப்படி இல்லை.

அசலை உங்கள் பெயரில் மட்டும் இருக்கும் வங்கி லாக்கரில் வைக்காதீர்கள். லாக்கரைத் திறக்க வங்கி கேட்கும் ஆவணங்களைத் தேடி அலையும்போது, உயிலே அதற்குள் பூட்டிக் கிடக்கும். நிறைவேற்றுபவரிடம் கொடுத்துவையுங்கள், அல்லது வீட்டு பீரோவில் வைத்து எந்த அறையில் என்று இரண்டு பேருக்குச் சொல்லிவிடுங்கள். படி 2-இல் எழுதிய அந்த நோட்டையும் கூடவே வையுங்கள், ஒவ்வொரு வருடக் கணக்கு முடிக்கும்போதும் அதைத் திருத்துங்கள்.