விமானம் விடுபவர்கள் விடும் பிழைகள்

ரேடியோக் கொன்ட்ரோலரால் மாதிரி விமானம் விடுகிற எங்கள் கழகம் பெரிதில்லை. பன்னிரண்டு பேர், எட்டுப் பிளேன், அதில் பறக்கிற நிலையில் இருப்பது ஐந்தோ ஆறோ. கிளிநொச்சிப் பக்கம் நெல் வெட்டி முடிந்த வயல்வெளியில் ஞாயிறு காலைகளில் கூடுவோம். அண்மையில் முல்லைத்தீவு, வவுனியாப் பக்கத்துப் பெடியள் சிலர் தாங்களும் இப்படி ஒன்று தொடங்கப்போவதாகச் சொல்லி, என்னென்ன வாங்க வேண்டும் என்று கேட்டார்கள். வாங்குவதை யாரும் சொல்லித் தருவார்கள். நாங்கள் என்னென்ன பிழை விட்டோம் என்பதைச் சொல்கிறேன், அதுதான் மலிவு.

முதற்பிழை, அயலுக்குச் சொல்லாமல் போய்ப் பிளேன் விட்டது. ஆரம்பித்த முதல் நாள் ஆளில்லாத வெளிதானே என்று நேராகப் போய்ப் பறக்கவிட்டோம். மின்மோட்டார் பிளேன் கிட்ட நிற்கும்போது கீச்சிடும், உயரம் எடுத்ததும் அந்தச் சத்தம் ஒரே சீரான இரைச்சலாகிவிடும். 2009க்கு முன் வன்னியில் இருந்த எவருக்கும் அந்த இரைச்சலை விளங்கப்படுத்தத் தேவையில்லை. வேவு விமானத்தை இங்கே சனம் ‘வண்டு’ என்றுதான் சொன்னது. வண்டு சுற்றிவிட்டுப் போனால் பின்னால் என்ன வரும் என்று பயந்துகொண்டிருந்த காலம் அது. வெளியின் ஓரத்து வீட்டு அம்மம்மா வானத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கையில் இருந்த சுளகைப் போட்டுவிட்டு, முற்றத்தில் விளையாடிய பேரனை ஒரு கையால் இழுத்துக்கொண்டு வீட்டின் பின்பக்கம் போனார். பிளேனை இறக்கிவிட்டு நான் ஓடிப்போய்க் காட்டினேன். ரெஜிபோம் செட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “உது விளையாட்டுச் சாமானோ தம்பி? முதலே சொல்லியிருக்கலாமெல்லோ” என்றார். கோபப்படவில்லை, அதுதான் எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

இப்போது புது இடம் என்றால் முதல் நாள் பின்னேரம் பிளேனைக் கையில் தூக்கிக்கொண்டு சுற்றியுள்ள வீடுகளுக்குப் போகிறோம், பிள்ளைகளைத் தொட விடுகிறோம், நாளைக்கு எத்தனை மணிக்குச் சத்தம் வரும் என்று சொல்லிவிட்டு வருகிறோம். அரை மணித்தியால வேலை. இதைச் செய்யாத கழகம் மூன்றாம் ஞாயிறில் பொலிசுக்குப் பதில் சொல்லிக்கொண்டு நிற்கும்.

அனுமதி விஷயமும் இதோடு ஒட்டியதுதான். காணிக்காரர் தலையாட்டிவிட்டார் என்பது காணிக்கு மட்டும்தான் அனுமதி. இரணைமடுவிலும் வவுனியாவிலும் விமானப்படைத் தளங்கள் இருக்கின்றன என்பதை மறந்துவிட்டு இடம் பார்க்கக் கூடாது. வானத்து விஷயம் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் பொறுப்பு. வெளிநாட்டில் இருந்து ரேடியோச் செட் கொண்டுவருவது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பொறுப்பு. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களுக்குப் பிறகு ஆளில்லாமல் பறப்பவற்றை நாடு முழுக்க நிறுத்தி வைத்தார்கள், ஞாபகம் இருக்கும். விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை, ஆகவே போன வருடம் யாரோ சொன்னதை நம்பாமல் இந்த வருடம் நீங்களே கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள், அதன் பிரதியைப் பெட்டிக்குள் பிளேனோடு வையுங்கள்.

அடுத்தது விழுந்த பிளேனை எடுக்க ஓடுவது. வேறு ஊரில் இது வேடிக்கையான பிழை. இங்கே அப்படியில்லை. முகமாலைப் பக்கம் இத்தனை வருடமாகியும் மிதிவெடி அகற்றுகிறார்கள் என்றால் யோசித்துப் பாருங்கள். மண்டையோட்டுப் பலகை நிற்கிற இடத்துக்குக் கிட்டப் பறக்கவே வேண்டாம். துப்புரவான இடம் என்று உறுதியாகத் தெரியாத பற்றைக்குள் பிளேன் போனால் அது போனதுதான், ஒரு லட்சம் ரூபாய்ச் சாமானாக இருந்தாலும் சரி. கழகத்தில் புதிதாகச் சேருகிற ஒவ்வொருவரிடமும் இதற்கு வாயால் ‘ஓம்’ வாங்கிவிட்டுத்தான் கொன்ட்ரோலரைக் கையில் கொடுக்கிறோம்.

மிதிவெடிப் பயமில்லாத வயலிலும் எல்லோரும் ஒரேயடியாக ஓடுவது பிழை. விழுந்ததும் விட்டவர் அசையாமல் அதே இடத்தில் நிற்க வேண்டும். விழுந்த திசையில் தூரத்தில் தெரிகிற ஒரு பனையைக் குறி வைத்துக்கொண்டு, மற்றவரை அந்தக் கோட்டில் கைகாட்டி அனுப்ப வேண்டும். கண்ணை ஒருமுறை எடுத்தீர்களானால் எல்லாப் பனையும் ஒன்றுபோல் இருக்கும். சிறுபோகம் விதைத்திருந்தால் வரம்பால் மட்டும் போங்கள், கதிர் வந்த பயிருக்குள் இறங்கினால் அந்த வயல்காரர் உங்களை வாழ்நாளுக்கும் மறக்கமாட்டார்.

காற்றைப் பற்றி நிறையச் சொல்லலாம். காலபோக நெல் வெட்டி முடிகிற மாசி, பங்குனிதான் எங்களுக்குப் பொற்காலம்: தரை காய்ந்திருக்கும், விடியக் காற்று அடங்கியிருக்கும். வைகாசிக்குப் பிறகு சோழகம் பிடித்தால் விடிந்து சிறிது நேரத்திலேயே இழுக்கத் தொடங்கிவிடும். வெளிநாட்டில் இருந்து வருகிற அண்ணைமார் சரியாக அந்த ஆவணியில், நல்லூர்த் திருவிழாவோடு, சூட்கேசில் புது ஜெட் ஒன்றோடு இறங்குவார்கள். மூன்று கிழமைதான் லீவு, ஆகவே இன்றைக்கே விட வேண்டும். ‘அண்ணை, கொஞ்சம் பொறுங்கோ’ என்று சொல்ல எங்களுக்கும் வாய் வராது, நன்கொடை தந்த மனிசன். அந்த ஜெட் இரண்டாம் சுற்றில் காற்றோடு போய் புள்ளியாகச் சிறுத்து, எந்தப் பக்கம் மூக்கு, எந்தப் பக்கம் வால் என்று தெரியாமல், குளத்துப் பக்கம் இறங்கியது. விருந்தாளி என்பதற்காகக் கழக விதியைத் தளர்த்தியது எங்கள் பிழைதான், அவருடையது இல்லை.

காற்றில் எல்லோரும் விடுகிற இன்னொரு பிழை: பிளேன் காற்றோடு போகும்போது தரையிலிருந்து பார்க்க வேகமாகப் போவதுபோல் இருக்கும், உடனே பயந்து திரொட்டிலை, அதாவது மோட்டாரின் வேகத்தை, குறைப்பார்கள். செட்டைக்குத் தெரிவது தன்மேல் படுகிற காற்றின் வேகம் மட்டும்தான், உங்கள் கண்ணின் கணக்கு அதற்குத் தெரியாது. வேகம் குறைந்தபடி திருப்பினால் ஒரு பக்கச் செட்டை குத்திக்கொண்டு கீழே வரும். எழுப்புவதும் இறக்குவதும் காற்றுக்கு எதிராக. ஒரு சணல் துண்டைத் தடியில் கட்டி நட்டால் போதும், காற்றுமானி எல்லாம் வேண்டாம்.

இனிப் பிளேன். எங்கள் தம்பி ஒருவன் உயர்தரப் பரீட்சை முடிந்த கையோடு ஆறு கிழமை இருந்து ஒரு பிளேன் வெட்டி ஒட்டினான். (சாதாரண சுப்பர் குளூ ரெஜிபோமைக் கரைக்கும் என்பதை முதல் செட்டையில் படித்தான், இரண்டாவதைச் சூட்டுப் பசையால் ஒட்டினான்.) முதற் பறப்புக்கு முதல் இரவு செட்டையின் மடலை அசைக்கிற சின்ன மோட்டாரான சேர்வோ ஒன்று பழுதாகி மாற்றியிருக்கிறான். காலையில் கையால் எறிந்தோம். பிளேன் இடப்பக்கம் மெல்லச் சரிந்தது, அவன் குச்சியை வலப்பக்கம் தள்ளினான், அது இன்னும் இடப்பக்கம் சரிந்தது, அவன் இன்னும் தள்ளினான். நாலு செக்கன். மூக்கு வரம்புக்குள், வால் ஆகாயத்தில். புதுச் சேர்வோ எதிர்ப்பக்கம் சுழன்றிருக்கிறது. பிளேனுக்குப் பின்னால் நின்று குச்சியை வலப்பக்கம் தள்ளினால் வலச் செட்டையின் மடல் மேலே எழும்ப வேண்டும். அவ்வளவுதான் சோதனை. அவன் மடல் அசைகிறதா என்று பார்த்தான், எந்தப் பக்கம் அசைகிறது என்று பார்க்கவில்லை. ஒரு கொன்ட்ரோலரில் நாலைந்து பிளேன்களைப் பதிந்து வைத்திருப்பவர்கள் வேறு பிளேனின் பதிவோடு எறிந்துவிட்டு முழிப்பதும் இதே கதைதான்.

சமநிலையை விரல் நுனியில் பாருங்கள். பயிற்சிப் பிளேன் என்றால் செட்டையின் முன்விளிம்பிலிருந்து அகலத்தில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் இரண்டு விரலைக் கொடுத்துத் தூக்கினால் மட்டமாக நிற்க வேண்டும். மூக்குக் கொஞ்சம் பாரமாக இருந்தால் பிளேன் மந்தமாகப் பறக்கும், வால் பாரமானால் ஒரே ஒரு தடவைதான் பறக்கும். கொன்ட்ரோலரை முதலில் ஓன் பண்ணி, கடைசியில் ஓஃப் பண்ண வேண்டும். சிக்னல் அறுந்தால் மோட்டார் நிற்கும்படி பெயில்சேஃபை வைத்திருக்கிறீர்களா என்று, ஒருவர் பிளேனை இறுக்கிப் பிடித்திருக்க, கொன்ட்ரோலரை ஓஃப் பண்ணிப் பாருங்கள். பற்றறி கொழுவிய நிமிடம் முதல் புரொப்பெல்லரைக் கத்தி என்று நினையுங்கள், அதற்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது.

அந்தக் காலத்து 35 மெகாஹேர்ட்ஸ் செட்டுகளில் ஒரே சனலில் இரண்டு பேர் ஓன் பண்ணினால் பறந்துகொண்டிருப்பது விழும், அதனால் சனல் இலக்கம் எழுதிய கிளிப்பைப் பலகையில் குத்திவிட்டுத்தான் தொடுவார்கள். 2.4 கிகாஹேர்ட்ஸ் வந்ததும் அந்தத் தொல்லை போனது, கூடவே ஒருவரோடொருவர் கதைக்கிற பழக்கமும் போய்விட்டது. ‘இறங்குறேன்!’ என்று கத்துவதற்கு வெட்கப்படாதீர்கள்.

பற்றறிக்கு வருகிறேன், இதில்தான் எனக்குக் கோபம் வரும். லிப்போ (லித்தியம் பொலிமர்) பற்றறியை எங்கள் ஆட்கள் டோர்ச் பற்றறிபோல் நினைக்கிறார்கள். ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது, பறந்து முடிந்து ஆறியபின் 3.5க்குக் கீழே இருக்கக் கூடாது. அடுத்த கிழமைவரை வைப்பதென்றால் 3.8 அளவில் வையுங்கள். 2200 மில்லியம்பியர்-மணி (mAh) பற்றறிக்கு 2.2 அம்பியரில் சார்ஜ், அவசரம் என்று நாலில் போடக் கூடாது. பங்குனி வெயிலில் மூடிய வாகனத்துக்குள் விட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனால் வரும்போது அது அப்பளம்போல் ஊதியிருக்கும். ஊதினதை ‘இன்னும் ஒரு தடவை’ என்று சொல்லிக் கொழுவுகிறவரை நான் வெளியைவிட்டு அனுப்பியிருக்கிறேன். வீட்டில் சார்ஜ் போடும்போது நாங்கள் பழைய மண்பானையைப் பயன்படுத்துகிறோம், பக்கத்தில் ஒரு வாளி மணல். படுக்கையறையில் வேண்டாம், இரவில் போட்டுவிட்டுத் தூங்கவும் வேண்டாம்.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் சண்டை விமானம்தான் கேட்பார்கள். செட்டை மேலே இருக்கிற, மெதுவாகப் போகிற பயிற்சிப் பிளேனைக் காட்டினால் முகம் சுருங்கும். சுருங்கட்டும். முதல் ஒரு மாதம் கணினியில் சிமுலேட்டர், பிறகு பழகியவர் பக்கத்தில் நிற்கப் பறப்பு. பிளேன் உங்களை நோக்கி வரும்போது இடம் வலம் மாறிக் குழப்பும். அப்போது எந்தச் செட்டை தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் குச்சியைத் தள்ளுங்கள், முட்டுக் கொடுப்பதுபோல.

கழகத்துக்குள் விடுகிற பிழைகள் வேறு வகை. காசு முதலாவது. வெளிநாட்டிலிருந்து யாராவது ஐம்பதாயிரம் அனுப்பினால் அது யாருடைய வங்கிக் கணக்குக்கு வந்தது, எதற்குப் போனது என்று அந்தக் கிழமையே எல்லோருக்கும் தெரிய வேண்டும். ஒரு கொப்பி போதும், ஆனால் எழுத வேண்டும். இரண்டாவது வட்ஸ்அப் குழு. ஒருவனின் பிளேன் விழுந்த வீடியோவை அவன் வீடு போய்ச் சேரமுன் பாட்டோடு போட்டுச் சிரித்ததால் எங்களுக்கு ஒரு நல்ல பெடியன் இல்லாமல் போனான். வீடியோ போடும்போது பின்னணியில் முகாமோ காவலரணோ தெரிகிறதா என்றும் பாருங்கள். அப்புறம் அறிவித்தல்கள்: மழை என்று நிறுத்தினால் முதல் நாள் இரவே சொல்லுங்கள், புதுக்குடியிருப்பில் இருந்து பெற்றோல் அடித்துக்கொண்டு வருகிறவனுக்கு அது பெரிய விஷயம்.

கடைசியாக, பனை. எப்படியும் ஒருநாள் பனை உங்கள் பிளேனை வாங்கிக்கொள்ளும். கல் எறியாதீர்கள், எறிந்துதான் எங்கள் முதல் பிளேனின் மிச்சச் செட்டையும் உடைந்தது. தடியால் குத்தவும் வேண்டாம். மரம் ஏறுகிற ஒருவரின் தொலைபேசி இலக்கத்தைக் கழகத்தில் வைத்திருங்கள். அவர் ஏறமுன் கூலியைப் பேசுங்கள், ஏறியபின் அவர் மேலே இருந்துகொண்டு விலை சொல்வார்.