அமெரிக்க அரசாங்க அறிமுகப் பாடநூலைத் திருகோணமலையில் இருந்தவாறு படிப்பது எப்படி

வெளிவாரிப் பட்டப்படிப்புக்காகவோ, உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் படித்தபோது உண்டான ஆர்வத்தாலோ, அமெரிக்க அரசாங்கமும் அரசியலும் பற்றிய அறிமுகப் பாடநூல் ஒன்றைக் கையில் எடுக்கும் பிள்ளைகள் நம் திருகோணமலையிலும் இருக்கிறார்கள். நகரத்திலிருந்தும் கிண்ணியா, மூதூர்ப் பக்கங்களிலிருந்தும் வரும் அத்தகையவர்களுக்கு மாலை வேளைகளில் பாடம் சொல்லிக் கொடுத்து வருகிறேன். அவர்களுட் பலர் மூன்றாம் அல்லது நான்காம் அத்தியாயத்தில் நின்றுவிடுகிறார்கள். ஆங்கிலம் கடினம் என்று காரணமும் சொல்கிறார்கள். நான் கண்டவரையில் ஆங்கிலத்தைவிடப் பெரிய தடைகள் இரண்டு உண்டு. அந்நூல் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் முதலாண்டு மாணவருக்காக எழுதப்பட்டது. காங்கிரஸ் என்றால் என்ன, மாநிலம் என்றால் என்ன என்பதை அந்த மாணவர் பள்ளியிலேயே கேட்டிருப்பார் என்று நூலாசிரியர் எடுத்துக்கொள்கிறார். மற்றத் தடை இன்னும் நுட்பமானது. அந்நூலின் முக்கியச் சொற்கள் பல நம் நாட்டின் அரசியலமைப்பிலும் உண்டு, ஆனால் அங்கே அவை குறிக்கும் பொருள் வேறு. ஆகவே தெரிந்த சொல் என்று நினைத்துக் கடந்து போகும் இடத்தில்தான் நம் மாணவர் வழி தவறுகிறார்.

முதல் வாரத்தில் முதலாம் அத்தியாயத்தைத் திறக்க வேண்டாம். நூலின் கடைசியில் பின்னிணைப்பாக அமெரிக்க அரசியலமைப்பு முழுவதும் அச்சிடப்பட்டிருக்கும். அதைப் போட்டோப் பிரதி எடுத்துத் தனியே தைத்து வைத்துக்கொள்ளுங்கள். 1787இல் பிலடெல்பியாவில் வரையப்பட்ட மூல வாசகம் ஏறக்குறைய 4,500 சொற்களே கொண்டது. நம் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்போடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. உறுப்புரைகள் ஏழு. அவற்றின் நீளத்தை மட்டும் முதலில் பாருங்கள். பிரதிநிதிகள் சபை, செனற் சபை என இரு சபைகள் கொண்ட சட்டசபையான காங்கிரஸைப் பற்றிய முதலாம் உறுப்புரை மூல வாசகத்தில் பாதிக்கு மேல் இடம் பிடித்திருக்கும். ஜனாதிபதியைப் பற்றிய இரண்டாம் உறுப்புரை அதனினும் மிகச் சிறியது. நீதித்துறையைப் பற்றிய மூன்றாம் உறுப்புரை ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிடும். தொலைக்காட்சியில் வெள்ளை மாளிகையையே பார்த்துப் பழகிய நமக்கு, அந்த அரசியலமைப்பை எழுதியவர்கள் சட்டசபையையே முதலிடத்தில் வைத்தார்கள் என்பது இந்த நீளத்திலேயே புலப்படும்.

அடுத்து 27 திருத்தங்கள். இவற்றை இலக்க வரிசையில் மனனம் செய்வது வீண் உழைப்பு. 1791இல் ஒன்றாக ஏற்கப்பட்ட முதற் பத்து ஒரு கூட்டம். உள்நாட்டுப் போரின் பின் 1865 முதல் 1870 வரை வந்த 13, 14, 15 ஆகியவை ஒரு கூட்டம். பெண்களுக்கு வாக்குரிமை தந்த 1920ஆம் ஆண்டின் 19ஆவது, வாக்களிக்கும் வயதை 18 ஆக்கிய 1971ஆம் ஆண்டின் 26ஆவது போன்று வாக்குரிமையை விரித்தவை ஒரு கூட்டம். இம்மூன்றையும் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமாகவே இடம் தேடிக்கொள்ளும். 14ஆவதை மட்டும் சொல்லுக்குச் சொல் வாசியுங்கள். பாடநூலில் குடியியல் உரிமைகள் பற்றி வரும் பெரும்பாலான வழக்குகள் அதன் முதற் பிரிவைச் சுற்றியே எழுந்தவை.

இனிச் சொற்கள். ஒரு சாதாரண கொப்பியை எடுத்து, ஒவ்வொரு பக்கத்தையும் நடுவே கோடிட்டுப் பிரித்து, இடப்பக்கம் அங்கே அச்சொல் செய்யும் வேலையையும் வலப்பக்கம் இங்கே அது செய்யும் வேலையையும் எழுதுங்கள். முதற் பதிவாக ‘ஆளுநர்’ என்பதையே வைக்கலாம். கிழக்கு மாகாண ஆளுநரின் செயலகம் நம் ஊரில்தான் இருக்கிறது. அவரை ஜனாதிபதி நியமிக்கிறார் என்பதும் எல்லோருக்கும் தெரியும். அமெரிக்க மாநிலம் ஒன்றின் ஆளுநரையோ அந்த மாநில மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள்; அவரைப் பதவி நீக்க அமெரிக்க ஜனாதிபதிக்கு அதிகாரமே இல்லை. இந்த ஒரு வேறுபாட்டை மறந்து படித்தால் சமஷ்டி பற்றிய அத்தியாயம் முழுவதும் புகைமூட்டமாகிவிடும்.

‘செயலாளர்’ என்பதும் அப்படியே. நம் பத்திரிகைகள் இராஜாங்கச் செயலாளர் என்று எழுதும் பதவி அங்கே வெளிநாட்டு அமைச்சருக்குரியது. இங்கே செயலாளர் என்றால் அமைச்சின் தலைமை அதிகாரி. இங்கே அமைச்சராவதற்குப் பாராளுமன்ற உறுப்பினராக இருக்க வேண்டும். அங்கே முதலாம் உறுப்புரையின் ஆறாம் பிரிவு அதற்கு நேர்மாறாக, நிறைவேற்றுப் பதவி வகிப்பவர் காங்கிரஸ் உறுப்பினராக இருக்கவே கூடாது என்கிறது. சபாநாயகர் இங்கே கட்சி சாராது நடந்துகொள்வார் என்று எதிர்பார்க்கிறோம். பிரதிநிதிகள் சபையின் சபாநாயகர் அங்கே பெரும்பான்மைக் கட்சியின் வெளிப்படையான தலைவர். அமெரிக்க ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்களின் கூட்டத்துக்கு ‘தேர்தல் கல்லூரி’ என்ற மொழிபெயர்ப்பை நான் பயன்படுத்துவதில்லை. ஒரு மாணவி அதை உண்மையிலேயே ஒரு கல்வி நிறுவனம் என்று நினைத்து அரைப் பக்கம் எழுதியிருந்தார். பிழை அவருடையதன்று, அந்தச் சொல்லினுடையது. ‘தேர்வாளர் குழாம்’ என்று எழுதினால் பொருள் உடனே விளங்கும்.

அந்தக் குழாத்தைக் கணக்குப் போட்டே படிக்க வேண்டும். ஒவ்வொரு மாநிலத்துக்கும் அதன் பிரதிநிதிகளின் எண்ணிக்கையோடு இரு செனற்றர்களையும் கூட்டிய அளவு தேர்வாளர்கள். தலைநகரான வாஷிங்டனுக்கு 3. ஆக மொத்தம் 538, வெற்றிக்கு 270. மேன், நெப்ராஸ்கா ஆகிய இரண்டும் தவிர, முந்தி நிற்பவருக்கே ஒரு மாநிலத்தின் தேர்வாளர்கள் அனைவரும் போவார்கள். 2000ஆம் ஆண்டில் அல் கோர் நாடு முழுவதிலும் ஏறக்குறைய 5 இலட்சம் வாக்குகள் கூடுதலாகப் பெற்றார்; ஆனால் புளோரிடாவில் 537 வாக்குகளால் பின்தங்கியதால் அதன் 25 தேர்வாளர்களையும் இழந்து, 266க்கு 271 என்ற கணக்கில் ஜோர்ஜ் புஷ்ஷிடம் தோற்றார். 2020ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டை வைத்து இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். ஏறக்குறைய 5 இலட்சத்து 77 ஆயிரம் பேர் வாழும் வயோமிங்குக்கு 3 தேர்வாளர்கள். 3 கோடியே 95 இலட்சம் பேர் வாழும் கலிபோர்னியாவுக்கு 54. வகுத்துப் பார்த்தால் முன்னதில் 1 இலட்சத்து 92 ஆயிரம் பேருக்கு ஒருவர், பின்னதில் 7 இலட்சத்துக்கு மேற்பட்டோருக்கு ஒருவர். இதன் அருகில் நம் முறையை எழுதுங்கள்: நாடு முழுவதும் ஒரே தொகுதி, பாதிக்கு மேல் வாக்கு வேண்டும், எவரும் பெறாவிட்டால் விருப்பு வாக்குகள் எண்ணப்படும். 2024 செப்டெம்பரில் அந்த இரண்டாம் எண்ணிக்கை நம் நாட்டில் முதன்முறையாக நடந்ததை நாமே பார்த்தோம்.

சொற்களுக்குப் பிறகு, நூல் முழுவதற்கும் ஒரே கேள்வியைக் கொண்டு செல்லுங்கள்: ஒருவர் முடிவெடுத்தால் அதைத் தடுக்கக் கூடியவர் யார்? வலுவேறாக்கம் (சட்டமாக்கல், நிறைவேற்றல், நீதி ஆகிய அதிகாரங்களை வெவ்வேறு கைகளில் வைப்பது), தடைகளும் சமன்பாடுகளும் (அவை ஒன்றையொன்று கட்டுப்படுத்துவது) என்று நாம் உயர்தரத்தில் வரைவிலக்கணமாக எழுதியவை இந்தக் கேள்வியால்தான் உயிர் பெறுகின்றன. ஒரு சட்டமூலத்தை எடுத்துப் பாருங்கள். அது பிரதிநிதிகள் சபையின் குழுவிலேயே தூங்கிவிடலாம். 435 பேர் கொண்ட அச்சபையில் நிறைவேறினாலும், 100 பேர் கொண்ட செனற் சபையில் விவாதத்தை முடிக்க 60 வாக்குகள் கிடைக்காமல் தேங்கலாம். (இந்த 60ஐ அரசியலமைப்பில் தேடினால் கிடைக்காது, அது செனற் சபையின் சொந்த விதி. தைத்து வைத்த பிரதியில் தேடிப் பார்த்து, இல்லை என்று கண்டுகொள்வதே நல்ல பயிற்சி.) இரு சபைகளிலும் ஒரே வாசகமாக நிறைவேறிய பின் ஜனாதிபதிக்கு, ஞாயிறுகள் நீங்கலாக, 10 நாட்கள் உண்டு. அவர் கையொப்பமிடலாம், மறுத்துத் திருப்பி அனுப்பலாம், அப்போது அதை மீறிச் சட்டமாக்க இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு வாக்கு வேண்டும், ஒன்றும் செய்யாமலும் இருக்கலாம், அப்போது காங்கிரஸ் அமர்வில் இருந்தால் அது சட்டமாகும், ஒத்திவைக்கப்பட்டிருந்தால் இறந்துவிடும். நம் கொப்பியின் வலப்பக்கத்தில் எழுத வேண்டியது வியப்பாக இருக்கும்: இலங்கையில் சட்டமூலம் சபாநாயகரின் சான்றுரையால் சட்டமாகிறது. மக்கள் தீர்ப்புக்கு விடப்படும் சட்டமூலத்துக்கு மட்டுமே ஜனாதிபதியின் சான்றுரை தேவை. நிறைவேற்று ஜனாதிபதி என்ற ஒரே பெயரால் இரண்டு முறைகளும் ஒன்று என்று எழுதும் விடைகள் இங்கேதான் புள்ளி இழக்கின்றன.

நீதிமன்ற அத்தியாயத்தில் அவசரப்படக் கூடாது. 1803இல் மார்பரி எதிர் மாடிசன் வழக்கில் பிரதம நீதியரசர் ஜோன் மார்ஷல், அரசியலமைப்புக்கு முரணான சட்டம் செல்லாது என்று நிலைநாட்டினார். அன்றிலிருந்து, பாதிக்கப்பட்டவர் வழக்குத் தொடுத்தால், எவ்வளவு பழைய சட்டத்தையும் அங்கே நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம். நம் நாட்டில் சட்டமூலமாக இருக்கும்போதுதான் உயர் நீதிமன்றத்தில் கேள்வி எழுப்ப முடியும். சான்றுரை இடப்பட்ட பின் அதன் செல்லுபடியை எந்த நீதிமன்றமும் விசாரிக்க முடியாது என்று 80ஆம் உறுப்புரை சொல்கிறது.

வழக்குகளை ஒவ்வொன்றுக்கும் நான்கு வரியாக எழுதுங்கள்: வழக்குத் தொடுத்தவர் யார், அரசியலமைப்பின் எந்த வரி, தீர்ப்பு என்ன, பிறகு நடந்தது என்ன. 1954ஆம் ஆண்டின் பிரவுண் வழக்கை எடுத்தால், கன்சாஸ் மாநிலம் டொபேக்கா நகரத்துக் கறுப்பினப் பெற்றோர் முன்னின்றார்கள். 14ஆம் திருத்தத்தின் சமபாதுகாப்பு வரி. நிறத்தால் பிரித்த பாடசாலைகள் இயல்பிலேயே சமமற்றவை என்று ஒன்பது நீதியரசர்களும் ஒருமனதாகச் சொன்னார்கள். நான்காம் வரியைத்தான் மாணவர்கள் விட்டுவிடுகிறார்கள். 1957இல் லிட்டில் ரொக் நகரத்தில் ஒன்பது கறுப்பினப் பிள்ளைகள் வெள்ளையர் பாடசாலைக்குள் நுழைவதற்கு ஜனாதிபதி ஐசனாவர் இராணுவத்தை அனுப்ப வேண்டியிருந்தது. தீர்ப்பை நடைமுறைப்படுத்த நீதிமன்றத்திடம் படை இல்லை என்பது இந்த வரியில்தான் தெரிகிறது. இதே 14ஆம் திருத்தத்தை வைத்துக்கொண்டு 1896இல் அதே நீதிமன்றம் நிறத்தால் பிரித்து வைப்பதை அனுமதித்தது என்பதையும் பக்கத்திலே குறித்துக்கொள்ளுங்கள்.

சமஷ்டி பற்றிய அத்தியாயம் நமக்கு மிகவும் நெருக்கமானது. அங்கே காங்கிரஸின் அதிகாரங்கள் முதலாம் உறுப்புரையின் எட்டாம் பிரிவில் எண்ணித் தரப்பட்டிருக்கின்றன. எஞ்சியவை மாநிலங்களுக்கும் மக்களுக்கும் உரியவை என்று 10ஆம் திருத்தம் கூறுகிறது. நம் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தின் மூலம் வந்த மாகாண சபை முறையிலும் அதிகாரங்களைப் பட்டியலிடும் நிரல்கள் உண்டு. எனினும் எல்லா விடயங்களிலும் தேசியக் கொள்கை ஒதுக்கிய நிரலில் மத்தியிடம் வைக்கப்பட்டுள்ளது. நான்காம் உறுப்புரையின் மூன்றாம் பிரிவை வாசிக்கும்போது என் மாணவர்கள் எப்போதும் நிமிர்ந்து உட்காருவார்கள்: மாநிலங்களை இணைப்பதற்கு அந்தந்த மாநிலச் சட்டசபைகளும் காங்கிரஸும் சம்மதிக்க வேண்டும். 1988இல் ஜனாதிபதியின் பிரகடனத்தால் வடக்கும் கிழக்கும் இணைந்ததும், திருகோணமலை அந்த இணைந்த மாகாணத்தின் தலைநகராக இருந்ததும், 2006இல் உயர் நீதிமன்றத் தீர்ப்போடு அந்த இணைப்பு முடிவுற்றதும் அவர்கள் வீட்டில் கேட்டு வளர்ந்த வரலாறு. எல்லையை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதே ஒற்றையாட்சியையும் சமஷ்டியையும் பிரித்தறிய மிகத் தெளிவான அடையாளம் என்பது என் கருத்து.

ஊடகம், பொதுசன அபிப்பிராயம், அழுத்தக் குழுக்கள் பற்றிய அத்தியாயங்களை ஒருமுறை வாசித்தால் போதும்; அவற்றின் அட்டவணைகள் விரைவில் பழையனவாகிவிடும். பதிப்பாண்டை மட்டும் கட்டாயம் பாருங்கள். கருக்கலைப்பு உரிமையை ஏற்ற 1973ஆம் ஆண்டுத் தீர்ப்பு 2022இல் நீக்கப்பட்டது; அதற்கு முந்திய பதிப்பில் குடியியல் சுதந்திரங்கள் பற்றிய அத்தியாயம் அதை நடைமுறைச் சட்டமாகவே சொல்லும். பழைய பதிப்பை இரவல் வாங்கிப் படிப்பதில் தவறில்லை, அந்தப் பக்க ஓரத்தில் பென்சிலால் ஆண்டைக் குறித்து வைத்தால் சரி.

ஒவ்வோர் அத்தியாயமும் முடிந்த அன்றிரவே நூலை மூடிவிட்டு, அதைப் படிக்காத ஒருவருக்கு, வீட்டில் அம்மாவுக்கோ தம்பிக்கோ, ஆங்கிலச் சொல் கலக்காமல் பத்து நிமிடம் விளக்கிச் சொல்லுங்கள். அவர் எந்த இடத்தில் ‘அப்படியென்றால் இங்கே எப்படி?’ என்று கேட்கிறாரோ, அந்தக் கேள்வியைக் கொப்பியில் எழுதி, விடையைத் தேடிய பிறகு அடுத்த அத்தியாயத்தைத் தொடங்குங்கள்.