வேனுக்குள் ஹாம் ரேடியோ: பாலக்காட்டு எல்லையில் புதியவர்கள் செய்யும் தவறுகள்

கொல்லங்கோடு, முதலமடை, நெல்லியாம்பதி பக்கம் வேனை நிறுத்தி ஹாம் செட் (உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காகப் பேசும் ரேடியோ) போடும் பிள்ளைகள் இப்போது நிறையவே கண்ணில் படுகிறார்கள். பொள்ளாச்சியிலிருந்தும் கோவையிலிருந்தும் வருகிறார்கள். இந்தப் பக்கம் சித்தூர் தாலுகாவிலேயே பிறந்து வளர்ந்த நம் தமிழ்க்காரர்களும் உண்டு. கேரள அரசு 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே கொள்கை அறிவித்த பிறகு, படுக்கையும் அடுப்பும் வைத்த வண்டிகள் சாலையில் கூடியிருக்கின்றன. பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஹாம் ஆன புதிதில் எங்கள் காலத்து ஆட்கள் செய்த அதே தவறுகளை இவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உரிமம் இல்லாமல் பேசக்கூடாது, கால்சைன் (அவரவர் அடையாளக் குறி) சொல்லவேண்டும், மலைப்பாதையில் வண்டி ஓட்டிக்கொண்டே மைக்கைப் பிடிக்கக்கூடாது என்பதெல்லாம் தேர்வு எழுதிய யாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பள்ளத்தில் நின்றுகொண்டு 2 மீட்டரில் கூப்பிடுவது

பொத்துண்டி அணைக்கு அந்தப் பக்கம் மலையடிவாரத்தில் நிறுத்திவிட்டு, கைசெட்டில் ஒரு மணி நேரம் கூப்பிட்டுப் பார்த்து, "செட்டு சரியில்லை" என்று முடிவுக்கு வருகிறார்கள். 2 மீட்டர் என்கிற 145 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை கண்ணுக்கு எட்டும் தூரத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். குறுக்கே மலை நின்றால் 5 வாட்டும் 50 வாட்டும் ஒன்றுதான். அதே கைசெட்டை நெல்லியாம்பதி மலைமேல் சீதார்குண்டு விளிம்பில் நின்று பிடித்துப் பாருங்கள். கொல்லங்கோட்டுச் சமவெளி முழுக்கக் காலுக்குக் கீழே விரிந்து கிடக்கும், பாலக்காட்டுக் கணவாய் திறந்திருக்கும், குரல் தானாகப் போகும். எஸ்டேட்டுகளுக்கு உள்ளே, கைகாட்டி என்கிற ஊருக்கு அப்பால் தங்குவதாக இருந்தால் 2 மீட்டரை மறந்துவிட்டு 40 மீட்டர் அலைவரிசைக்கு (7 மெகாஹெர்ட்ஸ்) வாருங்கள்.

40 மீட்டருக்கு உயரம் தேடி அலைவது

40 மீட்டர் அலைவரிசைக்கான டைபோல் (நடுவில் கேபிள் இணைத்த கம்பி ஆன்டெனா) மொத்தம் 20 மீட்டர் நீளம். அதைப் பத்து மீட்டர் உயரத்தில் கட்டினால்தான் வேலை செய்யும் என்று நினைத்துக்கொண்டு, கம்பம் ஏற்றவே மத்தியானம் வரை செலவழிக்கிறார்கள். எர்ணாகுளத்துக்கும் மதுரைக்கும் சேலத்துக்கும் பேசுவதற்கு அந்த உயரம் தேவையே இல்லை. நாலைந்து மீட்டரில் கட்டிய டைபோல் அலையைச் செங்குத்தாக மேலே அனுப்பும். அயனி மண்டலம் அதைத் திருப்பி நம் தலைக்கு மேலிருந்து சுற்றிலும் சில நூறு கிலோமீட்டருக்குத் தெளிக்கும். ஆனைமலை குறுக்கே நிற்பது இதற்கு ஒரு பொருட்டே இல்லை. பின்பக்கம் நட்டு வைக்கும் இரண்டு மீட்டர் நீளக் குச்சி ஆன்டெனா (மொபைல் விப்) இந்த வேலைக்கு ஆகாது. அது விடுகிற கொஞ்சநஞ்ச சக்தியும் தாழ்ந்த கோணத்தில் போய், பக்கத்து மாவட்டத்தைத் தாண்டிக்கொண்டு எங்கோ விழும்.

நம் பகுதிக்கு இன்னொரு விசேஷம் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு தெற்கே, திருவனந்தபுரம், திருநெல்வேலி ஓரமாகப் போகிறது. 1963 நவம்பர் 21 அன்று இந்திய மண்ணிலிருந்து முதல் ஆராய்ச்சி ராக்கெட்டை ஏவ தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்கு இதுதான் காரணம். இந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் சூரியன் சாய்ந்த பிறகு, அதிலும் மார்ச், செப்டம்பர் வாக்கில், அயனி மண்டலத்தின் மேல் அடுக்கு கலைந்து குழம்பும். அப்போது கேட்கிற குரலெல்லாம் படபடவென்று நடுங்கும். செட் கெட்டுவிட்டது என்று ஸ்க்ரூ டிரைவரை எடுக்காதீர்கள். எல்லா ஸ்டேஷனும் ஒன்றுபோல நடுங்கினால் அது வானத்தின் வேலை. உங்கள் குரல் மட்டும் நடுங்குவதாக எதிர்ப்பக்கம் சொன்னால் அது வேறு விஷயம். அதற்குத்தான் வருகிறேன்.

12 வோல்ட்டை நம்பிவிடுவது

இத்தனை காலத்துக்குப் பிறகும் பார்த்த மாத்திரத்தில் எனக்கு எரிச்சல் வருகிற தவறு இதுதான். 100 வாட் செட்டை சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகுவார்கள். இல்லாவிட்டால் வீட்டு வயரிங்கில் மிஞ்சிய 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயரைப் பேட்டரியிலிருந்து பின் மேசை வரைக்கும் இழுத்து, ஃபியூஸ்கூட இல்லாமல் மாட்டிவிடுவார்கள். செட்டுக்கு லட்சத்துக்குப் பக்கத்தில் செலவழித்தவர், வயருக்கு ஐந்நூறு ரூபாய் கொடுக்க யோசிக்கிறார்.

இந்தத் தவறு ஏன் சீக்கிரம் பிடிபடுவதில்லை என்றால், கேட்கும்போது செட் ஏறக்குறைய 1 ஆம்பியர்தான் இழுக்கும். டிஸ்ப்ளே எரியும், ஸ்டேஷன்கள் தெளிவாகக் கேட்கும், எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றும். மைக்கை அமுக்கிப் பேசினால் குரலின் உச்சியில் 20 ஆம்பியர் வரை போகும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 2.5 ஸ்கொயர் செம்பு வயருக்கு மீட்டருக்கு 7 மில்லி ஓம் சொச்சம் தடை. பேட்டரியிலிருந்து மேசை 5 மீட்டர் என்றால், போக வர 10 மீட்டர். அதில் 20 ஆம்பியர் ஓடினால் கிட்டத்தட்ட ஒன்றரை வோல்ட் வயரிலேயே கரைந்துவிடும். எஞ்சின் நின்றிருக்கும்போது பேட்டரி 12.5 காட்டினால், செட்டுக்கு வந்து சேர்வது 11. பெரும்பாலான செட்டுகளின் கையேட்டில் 13.8 வோல்ட், கூடக்குறைய 15 சதவீதம் என்று போட்டிருக்கும். அதாவது 11.7-க்குக் கீழே போகக்கூடாது. நீங்கள் குரலை உயர்த்துகிற ஒவ்வொரு தடவையும் அதற்குக் கீழே போய் வருகிறது. குரல் உடையும், செட்டின் மின்சுற்று தடுமாறும், சில செட்டுகள் பேச்சுக்கு நடுவில் அணைந்து எரியும்.

எதிரே கேட்பவர் "ஆடியோ உடையுது" என்றதும் எல்லாரும் சந்தேகப்படுவது ஆன்டெனாவை.

முதலமடையில் ஒரு மாந்தோப்பில் கோவைத் தம்பி ஒருவர் டிராவலர் வண்டியை நிறுத்தியிருந்தார். காலையிலிருந்து டைபோலை இறக்கி, ஏற்றி, பேலனை மாற்றி, ட்யூனரைத் திருகி, வெயிலில் முகமெல்லாம் கறுத்துப்போய் இருந்தார். போன வாரம்தான் இதே புகாருக்காகப் புது ஆன்டெனா வாங்கியதாகவும் சொன்னார்.

"அண்ணா, எஸ்.டபிள்யூ.ஆர் ஒண்ணு புள்ளி ரெண்டு காட்டுதுங்க. அப்பறம் எப்படிங்க உடையும்?"

ஆன்டெனா செட்டோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் அளவுதான் எஸ்.டபிள்யூ.ஆர், ஒன்றை ஒட்டியிருந்தால் நல்லது. மல்டிமீட்டரின் இரண்டு முனையையும் செட்டின் பின்னால், வயர் நுழைகிற இடத்தில் பிடித்துக்கொண்டு, "தம்பி, மைக்கை அமுக்கி ஹலோன்னு நீட்டிச் சொல்லுங்க" என்றேன். 12.4 காட்டிய மீட்டர் "ஹ"வில் 11-க்கு வந்தது, "லோ"வில் 10.6. குரல் நின்றதும் பழையபடி 12.4. லைட்டர் சாக்கெட்டில் இருந்த ப்ளக்கைப் பிடுங்கப் போனவர் கையை உதறிக்கொண்டார், அவ்வளவு சூடு.

"எஸ்.டபிள்யூ.ஆர் நல்லாத்தான் இருக்கு தம்பி. கரண்ட்டுதான் வந்து சேரல."

அவருக்கு ஒரு ஆன்டெனாவின் பணம்தான் போனது. இதைவிட மோசமாகவும் பார்த்திருக்கிறேன். நெல்லியாம்பதியில் ஒருவருக்கு லைட்டர் சாக்கெட்டின் ஃபியூஸ் போய்க்கொண்டே இருந்தது. அவர் அந்த இடத்தில் 30 ஆம்பியர் ஃபியூஸைப் போட்டுவிட்டார். ஃபியூஸ் செட்டைக் காப்பதற்கு அல்ல, வயரைக் காப்பதற்கு. வயர் தாங்குவதைவிடப் பெரிய ஃபியூஸ் போட்டால், வயரே ஃபியூஸாக மாறி எரியும். டாஷ்போர்டுக்குப் பின்னால் புகை வந்து, பேட்டரியைக் கழற்றுவதற்குள் வயர் கற்றை மொத்தமும் உருகி ஒட்டிக்கொண்டது. அத்தனை கொண்டை ஊசி வளைவுகளையும் கட்டி இழுத்துக்கொண்டு நென்மாறைக்கு இறக்கவேண்டியதாயிற்று. குடும்பம் உள்ளே தூங்கும் நேரத்தில் இது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வேன் என்பது மெத்தையும் கேஸ் சிலிண்டரும் இருக்கிற ஒரு சின்ன அறை.

சரியாகச் செய்ய அரை நாள் போதும். வயர் நேராகப் பேட்டரியிலிருந்து வரவேண்டும். 3 மீட்டர் தூரம் என்றால் 6 ஸ்கொயர், 5 மீட்டர் என்றால் 10 ஸ்கொயர். அப்போதுதான் இழப்பு அரை வோல்ட்டுக்குள் அடங்கும். ஃபியூஸ் பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும். செட் பக்கத்தில் மட்டும் ஃபியூஸ் வைத்தால், நடுவில் வயர் தேய்ந்து வண்டியின் பாடியைத் தொடும்போது அது எதையும் தடுக்காது. முனைகளுக்கு லக் (உலோக வளைய முனை) வைத்து அழுத்திப் பிடியுங்கள், முறுக்கி டேப் சுற்றுவது மலைச்சாலைக் குலுக்கலில் ஒரு வாரம் தாங்காது.

கறுப்பு வயரையும் பேட்டரிக்கே கொண்டுபோனால் அதற்கும் ஒரு ஃபியூஸ் கட்டாயம். எஞ்சினின் எர்த் பட்டை தளர்ந்துபோனால், செல்ஃப் மோட்டாரின் நூற்றுக்கணக்கான ஆம்பியர் திரும்பிவர வேறு வழி தேடும். உங்கள் செட்டின் கறுப்பு வயரும் கோஆக்ஸின் (ஆன்டெனா கேபிளின்) மேல் வலையும் அதற்கு வழியாகிவிடும். பேட்டரியின் நெகட்டிவ் முனையில் சென்சார் வைத்த புது வண்டிகளில் கறுப்பு வயரைப் பக்கத்திலுள்ள பாடி எர்த்தில் கொடுங்கள்.

இதையெல்லாம்விட நல்லது, செட்டுக்கென்று தனியாக ஒரு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி வைத்து, அதை மேசைக்கு அடியிலேயே பொருத்துவது. வயர் ஒரு மீட்டரில் முடிந்துவிடும். சார்ஜ் இறங்கினாலும் பெரும்பகுதி நேரம் வோல்டேஜ் 13-ஐ ஒட்டியே நிற்கும். காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாத தொல்லையும் இல்லை. பவரையும் குறைத்துப் பழகுங்கள். 100 வாட்டிலிருந்து 25 வாட்டுக்கு இறங்கினால் எதிரே உள்ளவரின் மீட்டரில் ஒரே ஒரு எஸ் யூனிட்தான் (சிக்னல் பலத்தில் ஒரு படி) குறையும்.

புதிதாக எந்த வயரிங் போட்டாலும் டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதிலாகச் செட்டின் சக்தியை வாங்கிக்கொள்ளும் தடை) மாட்டி, பேசியபடியே செட்டின் பின்னால் வோல்டேஜ் பாருங்கள். அதைப் பார்க்காமல் ஆன்டெனாவில் கை வைக்காதீர்கள்.

சோலார் இரைச்சல்

கூரையில் பேனல், அதற்கு ஒரு மலிவு கன்ட்ரோலர், உள்ளே எல்.இ.டி பட்டி, நாலு யு.எஸ்.பி சார்ஜர், ஒரு இன்வெர்ட்டர். பிறகு 40 மீட்டரில் எஸ்9 இரைச்சல் என்று புலம்பல். பேண்ட் மோசமில்லை, வேன்தான் கத்துகிறது. செட்டைத் தனி பேட்டரியில் போட்டுக்கொண்டு, மற்றதை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கியதும் இரைச்சல் விழுகிறதோ, செட் போடும் நேரத்தில் அது வேண்டாம்.

ஃபைபர் கூரையில் மேக்னெட் மவுண்ட்

ஆன்டெனாவின் காந்த அடிப்பாகம் அதில் ஒட்டாது. பசை வைத்து ஒட்டினாலும் கால் அலைநீள ஆன்டெனாவுக்குக் கீழே உலோகத் தகடு வேண்டும்.

பனைமரத்தில் நைலான் கயிறு

பாலக்காட்டு வயல்வெளியில் ஆன்டெனா கட்டக் கரும்பனையைவிட நல்ல கம்பம் கிடையாது என்று தோன்றும். மட்டையின் இரண்டு ஓரத்திலும் இருக்கிற கருக்கைப் பார்த்திருக்கிறீர்களா? கறுத்த ரம்பப் பல். ஜூன் முதல் கணவாய்க் காற்று ஆரம்பித்தால் மட்டை ராப்பகலாக அசையும், கயிறு அதில் உரசிக்கொண்டே இருக்கும். விடிந்து பார்த்தால் டைபோல் நெல்வயலில் கிடக்கும். கட்டினால் மட்டைக்குக் கீழே, வெறும் மரத்தில் கட்டுங்கள். தோட்டக்காரரிடம் கேட்டுவிட்டுக் கட்டுங்கள். தாழ்வாகத் தொங்கும் முனைகளில் வெள்ளைத் துணி முடிந்துவிடுங்கள், காலையில் மாடு ஓட்டி வருகிறவர் கண்ணுக்கு மெல்லிய வயர் தெரியாது.

மின்கம்பி தெரிகிற இடம்

வேண்டாம்.

இடி கேட்ட பிறகும் பேசுவது

துலாவர்ஷக் காலத்தில், ஐப்பசி கார்த்திகையில், மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் இந்த மலையோரம் முழுக்க இடிதான். சித்திரை வைகாசிக் கோடைமழையிலும் அப்படியே. சத்தம் காதில் விழுந்தாலே மின்னல் எட்டும் தூரத்தில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். கோஆக்ஸைக் கழற்றி, அதன் முனையை வேனுக்கு வெளியே போட்டுவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்துங்கள். செட்டை ஆஃப் செய்தால் மட்டும் போதாது.

காடும் அணையும்

பரம்பிக்குளம் கேரளத்தில் இருந்தாலும் சாலை நம் தமிழ்நாட்டுச் சேத்துமடை வழியாகத்தான். அது புலிகள் காப்பகம். வனத்துறை ஒதுக்கிய இடத்துக்கு வெளியே வண்டியையும் நிறுத்தக்கூடாது, கம்பியும் கட்டக்கூடாது. அணைக்கட்டு ஓரத்தில் ஆன்டெனாவும் ஹெட்போனுமாக உட்கார்ந்தால் காவலர் வந்து கேட்பார், கேட்பது அவர் வேலை. உரிமத்தில் எழுதியிருக்கிற நிபந்தனைகளைப் படித்துவிட்டு, அசலையும் ஒரு நகலையும் வண்டியிலேயே வையுங்கள். செட்டு வாங்கிய பில்லும் கூட இருக்கட்டும். எஸ்டேட்டாக இருந்தால் மேலாளரிடமும், பஞ்சாயத்து நிலமாக இருந்தால் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனிலும், ஆன்டெனாவை ஏற்றுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.