அடுக்களையைப் புதுப்பிக்கும்போது காசை முதலில் எங்கே போட வேண்டும், எங்கே போடக் கூடாது

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் அடுக்களையை மாற்றலாம் என்று வீட்டில் முடிவானதும் பெரும்பாலும் முதலில் நடப்பது, நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஒரு மாடுலர் கிச்சன் கடைக்குப் போய் கேபினெட்டுக்குக் கலர் பார்ப்பதுதான். கையிலிருக்கும் காசில் பாதி அங்கேயே பேசி முடிந்துவிடும், அப்புறம் பிளம்பரிடமும் எலக்ட்ரீஷியனிடமும் "பழைய லைனிலேயே எப்படியாவது ஒப்பேத்திடுங்க" என்று சொல்ல வேண்டிய நிலை. மற்ற தவறுகளில் பாதி இந்த ஒன்றிலிருந்துதான் வருகிறது. கேபினெட் கதவை நாலைந்து வருஷம் கழித்துக்கூட மாற்றிக்கொள்ளலாம், ஆனால் சுவருக்குள் போன பைப்பையும் வயரையும் மாற்றுவதென்றால் புது டைல்ஸை உடைத்தாக வேண்டும். அதனால் சுவருக்குள்ளும் தரைக்குள்ளும் போவதற்குத்தான் முதல் காசு.

தண்ணீர் லைனை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய வீட்டில் ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்பு பைப்) இருந்தால் உள்ளே துருப்பிடித்துச் சுருங்கியிருக்கும், புது குழாய் எவ்வளவு விலைக்கு வாங்கி மாட்டினாலும் தண்ணீர் நூலாகத்தான் வரும். அதைவிட முக்கியம் சிங்க்கிலிருந்து வெளியே போகும் லைன். நம் வீடுகளில் மீன் கழுவிய தண்ணீர், தேங்காய் அரைத்த மிக்ஸி ஜாரைக் கழுவிய தண்ணீர், பொரித்த சட்டி கழுவிய தண்ணீர் எல்லாம் அதில்தான் இறங்குகிறது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையத் தொடங்கும், மார்கழி, தை விடியலில் பாட்டிலில் உறைவதைப் பார்த்திருப்பீர்கள், பைப்புக்குள்ளும் அதுவேதான். சரிவு சரியாக இல்லாமலோ திருப்பங்கள் அதிகமாகவோ இருந்தால் அடைப்பு வராமல் இருக்காது. சிங்க்கை ஜன்னல் பக்கம் நகர்த்தினால் அழகாக இருக்கும் என்று தோன்றினால், கழிவு லைனுக்கு அங்கிருந்து சரிவு கிடைக்குமா என்று கொத்தனாரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

கரண்ட் விஷயம் இதைவிட அவசரமானது. 2000 வாட் இண்டக்ஷன் அடுப்பு ஒன்றே 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்ப் இழுக்கும், பழைய அடுக்களைகளில் இருப்பதோ பெரும்பாலும் 6 ஆம்ப் பிளக். அதில் மாற்றுப் பின் போட்டுச் செருகுவதைப் பல வீட்டில் பார்க்கலாம். பிளக் முனை பழுப்பேறி, பக்கத்தில் பிளாஸ்டிக் வாடை வரும்வரை யாரும் கவனிப்பதில்லை. இண்டக்ஷன், ஓவன், கிரைண்டர், ஃபிரிட்ஜ் எதெது எங்கே நிற்கும் என்பதை முதலில் தீர்மானித்து, பெரிய லோடுக்கு 16 ஆம்ப் பாயிண்டும் அதற்கேற்ற கனமான வயரும் தனியாக இழுக்கச் சொல்லுங்கள். எர்த்தும், கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி-யும் கட்டாயம் வேண்டும். ஈரக் கையோடு வேலை நடக்கும் இடம் இது, இதில் மிச்சம் பிடிக்கவே கூடாது. சுவரைப் பூசி மூடுவதற்கு முன் பைப்பும் வயரும் போகும் வழியை போனில் படமெடுத்து வைத்துக்கொண்டால், பிற்காலத்தில் ஆணி அடிக்கும்போது உதவும்.

கேபினெட்டுக்கு வந்தால், கதவைப் பார்த்து வாங்குவதுதான் தவறு, உள்ளே இருக்கும் பெட்டி எதனால் செய்தது என்று யாரும் கேட்பதில்லை. கருங்கல் பக்கம் ஒரு வீட்டில் சிங்க்குக்குக் கீழே திறந்து காட்டினார்கள். மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டின் அடிவிளிம்பு நனைந்த பிஸ்கட் மாதிரி உப்பி, விரலால் அழுத்தினால் உதிர்ந்தது, கீல் ஸ்க்ரூவுக்குப் பிடிமானமே இல்லை, வெளிப்பக்கம் மட்டும் இன்னும் பளபளவென்று இருந்தது. இடவப்பாதி மழை (ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை), ஐப்பசி மழை என்று இரண்டையும் வாங்கும் மாவட்டம் இது, ஈரமும் கறையானும் எப்போதும் உண்டு. பிளைவுட் என்றால், தண்ணீரைத் தாங்கும் வகைக்கான ஐஎஸ் 710 முத்திரை உள்ளதைக் கேளுங்கள், குறைந்தபட்சம் சிங்க் பக்கமாவது. காசு குறைவாக இருந்தால் கீழ்த்தட்டுகளை ஃபெரோ சிமெண்ட் (கம்பி வலை வைத்து வார்த்த மெல்லிய சிமெண்ட்) ஸ்லாபில் நிறுத்திவிட்டுக் கதவு மட்டும் போடலாம், தண்ணீரும் கறையானும் அதை ஒன்றும் செய்யாது. குளச்சல், முட்டம் மாதிரி கடலோரத்தில் இருப்பவர்கள் கீலையும் கைப்பிடியையும் கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தாவது 304 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வாங்குங்கள். 202 ஸ்டீல் உப்புக்காற்றில் சீக்கிரமே புள்ளி புள்ளியாகத் துருவேறும்.

எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு ஒன்று உண்டு. நம் ஊரில் இப்போது பல வீட்டிலும் இரண்டு அடுக்களை இருக்கிறது, முன்னால் பார்க்க அழகான ஒன்று, பின்னால் வொர்க் ஏரியா. லட்சக்கணக்கில் செலவு முன்னால் போகிறது. மீன் வெட்டுவது, தேங்காய் துருவுவது, மரச்சீனி அவிப்பது, விறகடுப்பில் சோறு வடிப்பது எல்லாம் பின்னால், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, ஒரே ஒரு குழாயோடு, சரியான வெளிச்சம்கூட இல்லாமல் நடக்கிறது. வேலை செய்பவர் அரை நாள் நிற்கும் இடம் அதுதான். முன்பக்க டைல்ஸில் ஒரு தரம் குறைத்தால்கூட, பின்னால் நல்ல மேடை, ஆழமான சிங்க், வழுக்காத தரை, புகை வெளியேற ஒழுங்கான புகைக்கூண்டு என்று பலதும் செய்துவிடலாம். மேடை உயரத்தையும் ஆசாரியோ கடைக்காரரோ சொல்லும் அளவில் வைக்காமல், தினமும் சமைப்பவரை நிற்க வைத்துப் பாருங்கள், முழங்கைக்கு நாலு முதல் ஆறு இஞ்ச் கீழே இருந்தால் தோளும் முதுகும் தாங்கும்.

சிம்னி வாங்குபவர்கள் சத்தத்தையும் டச் பட்டனையும் பார்க்கிறார்கள், குழாய் எந்தப் பக்கம் வெளியேறும் என்று பார்ப்பதில்லை. டக்ட் நீளமும் திருப்பமும் கூடக் கூட இழுவை குறையும். ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் ஆனி, ஆடியில் கணவாய் வழியாக அடிக்கும் காற்று நேராக வந்து மோதும் சுவரில் வாயை வைத்தால் புகை திரும்ப உள்ளேதான் வரும். சமையல் கேஸ், காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தங்கும், ஆகவே சிலிண்டரைக் கேபினெட்டுக்குள் வைப்பதாக இருந்தால் கீழே காற்றுப்போக்கு விட்டாக வேண்டும். ஹோஸை 5 வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், அதனால் கைக்கு எட்டாத மூலையில் அதை ஒளித்து வைக்காதீர்கள்.

வேலை தொடங்கும் மாதத்தையும் யோசியுங்கள். பூச்சு ஈரமாக இருக்கும்போதே கேபினெட்டை மாட்டினால் பின்பக்கம் பூஞ்சை பிடிக்கும். தை பிறந்ததும் உடைக்கத் தொடங்கினால், சுவர் நன்றாகக் காய்ந்து, இடவப்பாதி மழை வருவதற்குள் மர வேலையும் முடிந்துவிடும்.