வினீர் வைத்த பல்லைத் தூக்கத்தில் கடிப்பவருக்கு: உறுத்தாத நைட் கார்டு தேர்ந்தெடுக்கும் முறை

வினீர் என்பது பல்லின் முன்பக்கத்தில் பிசின் கொண்டு ஒட்டப்படும் மெல்லிய தகடு. போர்சலின் (பீங்கான்) வினீர் என்றால் அதன் தடிப்பு பெரும்பாலும் 0.3 முதல் 0.7 மில்லிமீட்டர்தான். நேராக வரும் அழுத்தத்தை அது ஓரளவு தாங்கும். கீழ்ப்பல் பக்கவாட்டில் உரசி இழுக்கும்போதுதான் நுனியில் சில்லு பெயரும், அல்லது ஒட்டு விடும். தூக்கத்தில் பல்லை அரைப்பவருக்கு இரவில் திரும்பத் திரும்ப நடப்பது அந்த உரசல்தான். அதைத் தடுக்கப் படுக்கும்போது பல்லின் மேல் மாட்டிக்கொள்ளும் உறைதான் நைட் கார்டு. அதனால் வினீர் உள்ளவருக்கான கார்டு மற்றவர்களுடையதைப் போன்றதல்ல. மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணத்தில் இருந்துகொண்டு அதை எப்படிப் பார்த்து வாங்குவது என்று படிப்படியாகச் சொல்கிறோம்.

முதல் படி: வாயில் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

எந்தப் பற்களில் வினீர் இருக்கிறது, போர்சலினா காம்போசிட்டா (பல் நிறப் பிசின்), எப்போது ஒட்டியது: இந்த மூன்றையும் எழுதி வையுங்கள். கார்டு செய்யும் பல் மருத்துவர் முதலில் கேட்பது இதைத்தான்.

சலூனிலோ யாரோ ஒருவர் வீட்டிலோ மலிவாக ஒட்டிக்கொண்ட வினீராக இருந்தால், அதன் மேல் கார்டு செய்யவே வேண்டாம். அவை ஈறோரத்தில் துருத்திக்கொண்டு நிற்கும், அடியில் அழுக்குத் தங்கும், சொத்தை மறைந்திருக்கும். அதன் மேல் கார்டைப் போட்டு மூடினால் நோய்தான் வளரும். முதலில் முறையான கிளினிக்கில் காட்டுங்கள். மருத்துவரின் பெயர் மலேசியப் பல் மருத்துவ மன்றத்தின் பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்திலேயே தேடிப் பார்க்கலாம்.

இரண்டாம் படி: எப்படிக் கடிக்கிறீர்கள்?

காலையில் தாடையும் நெற்றிப்பொட்டும் வலித்தால், நாக்கின் ஓரத்தில் பல் பதிந்த அடையாளம் இருந்தால், பெரும்பாலும் இறுக்கிக் கடிக்கிறீர்கள். பக்கத்தில் படுப்பவர் நறநறவென்று சத்தம் கேட்கிறது என்றால் அரைக்கவும் செய்கிறீர்கள். இறுக்குபவருக்குத் தடிப்பும் சமமான கடியும் முக்கியம். அரைப்பவருக்கு வழுவழுப்பான, கடினமான மேற்பரப்பு முக்கியம்.

பலத்த குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று திணறி எழுவது, பகலில் அசதி இருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். மேல்தாடைக் கார்டு சிலருக்கு மூச்சுத் தடையைக் கூட்டக்கூடும். அவர்கள் முதலில் தூக்கப் பரிசோதனைக்குப் போவதே சரி. மன அழுத்தத்துக்கான சில மாத்திரைகளும் பல்லிறுக்கத்தைத் தூண்டும். மருந்துப் பட்டியலையும் கையோடு கொண்டு போங்கள்.

மூன்றாம் படி: மென்மையா, கடினமா?

பலர் தடுமாறும் இடம் இதுதான். மெத்தென்று இருப்பதுதான் உறுத்தாது என்று நினைத்து மென்மையான கார்டைக் கேட்பார்கள். அது முதல் இரண்டு இரவுக்குச் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் சிலருக்குத் தாடை அதைச் சூயிங்கம்போல் மெல்லத் தொடங்கிவிடும். தசைக்கு ஓய்வில்லை, காலையில் வலி கூடும். பலமாக இறுக்குபவர் கடித்தால் சில மாதங்களிலேயே ஓட்டையும் விழும்.

வினீர் உள்ளவருக்கு எங்கள் தேர்வு, பல் லேப்பில் செய்த கடின அக்ரிலிக் (கெட்டிப் பிளாஸ்டிக்) கார்டு. கடைவாய்ப் பல் பகுதியில் 2 மில்லிமீட்டர் தடிப்பாவது வேண்டும். பலமாகக் கடிப்பவருக்கு 3 வரை போகலாம். கடினம் ஒத்துவராதவருக்கு இரட்டை அடுக்குக் கார்டு இருக்கிறது: பல்லைத் தொடும் உட்பக்கம் மென்மை, எதிர்ப்பல் படும் வெளிப்பக்கம் கடினம். போடவும் கழற்றவும் இது இலகுவானது. ஆனால் வருடங்கள் போக அடுக்குகள் பிரியலாம், கறையும் சீக்கிரம் பிடிக்கும்.

தவிர்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, ஃபார்மசியிலும் இணையக் கடையிலும் கிடைக்கும், வெந்நீரில் போட்டுக் கடித்து வடிவமாக்கும் கார்டு. இளகிய பிளாஸ்டிக் வினீரின் ஓரத்துக்கு அடியிலும் பல்லிடுக்கிலும் புகுந்து இறுகிவிடும். கழற்றும்போது வினீரைப் பிடித்து இழுக்கும். இன்னொன்று, முன்பற்களை மட்டும் மூடும் சின்னக் கார்டு. கடியின் பாரம் முழுவதும் வினீர் இருக்கும் பற்களிலேயே வந்து விழும். நெடுநாள் போட்டால், மூடப்படாத கடைவாய்ப் பற்கள் எழும்பிக் கடியே மாறிப்போகவும் கூடும். எல்லாப் பற்களையும் மூடும் கார்டையே கேளுங்கள்.

நான்காம் படி: மேலா, கீழா?

மேல் முன்பற்களில் வினீர் இருந்தால் இரண்டு வழியும் உண்டு. மேல் கார்டு வினீரை நேராக மூடிக் காக்கும். ஆனால் தினமும் அதன் மேல் ஏறி இறங்கும். கீழ்க் கார்டு வினீரைப் பிடித்து இழுக்காது. மேல்பல் வழுக்கும் அக்ரிலிக் மீதுதான் படும். குமட்டல் உள்ளவருக்கும் கீழ்க் கார்டே இலகு. வினீர் ஒட்டிக் கொஞ்ச நாள்தான் ஆகிறது என்றாலோ, ஒன்றிரண்டு முன்பே கழன்று ஒட்டியவை என்றாலோ, கீழ்க் கார்டு முடியுமா என்று கேளுங்கள். முடிவு மருத்துவர் உங்கள் கடியைப் பார்த்துச் சொல்வது.

ஐந்தாம் படி: அளவு எடுத்தல்

தற்காலிக வினீர் இருக்கும்போது அளவு கொடுக்காதீர்கள். நிரந்தர வினீர் வந்ததும் பல்லின் வடிவம் மாறிவிடும், கார்டு ஏறாது. வாயை ஸ்கேன் செய்து அளவெடுக்கும் கருவி (ஸ்கேனர்) உள்ள கிளினிக் என்றால் அதுவே நல்லது, வினீரை எதுவும் இழுக்காது. மாவைக் கடிக்க வைத்து எடுக்கும் அச்சுதான் என்றால் பரவாயில்லை. ஆட்டம் காணும் வினீர் இருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நம் பட்டணத்தில் ஸ்கேனர் இல்லையென்றால் ஈப்போ வரை போக வேண்டியிருக்கும். அளவு கொடுக்க ஒருமுறை, போட்டுப் பார்க்க ஒருமுறை, திருத்த ஒருமுறை என்று குறைந்தது மூன்று தடவை. லேப்புக்கு ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். தீபாவளி, சீனப் புத்தாண்டு நேரத்தில் இன்னும் தள்ளிப் போகும். லேப் கார்டுக்குப் பல நூறு வெள்ளி செலவாகும். திருத்தும் வருகைகளும் அந்த விலையில் அடங்குமா என்று முதலிலேயே கேளுங்கள்.

ஆறாம் படி: நாற்காலியை விட்டு எழுவதற்கு முன்

அவசரப்படாதீர்கள். கார்டின் சுகம் இங்கேதான் முடிவாகிறது. விரலால் அழுத்தினால் கார்டு முழுதாக உட்கார வேண்டும். ஒரு பக்கம் அழுத்த மறுபக்கம் தூக்கினால் சரியில்லை. முழு வாயும் லேசாகப் பிடிப்பது இயல்பு. ஒரே ஒரு பல்லில் குத்தல் இருந்தால், அதுவும் வினீர்ப் பல் என்றால், உட்பக்கம் தேய்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

மேல் கார்டின் முன்விளிம்பு, பல்லின் நுனியிலிருந்து 2, 3 மில்லிமீட்டர் மேலே ஏறினால் போதும். ஈறோரத்தில் வினீர் முடியும் கோடு வரை அது போகக் கூடாது.

பிறகு, பல் படும் இடத்தில் புள்ளி பதிக்கும் வண்ணத்தாளைக் கடிக்கச் சொல்வார்கள். படுக்கும் நிலையில் ஒருமுறை, நிமிர்ந்து உட்கார்ந்து ஒருமுறை கடித்துக் காட்டுங்கள். இரு பக்கக் கடைவாயிலும் புள்ளிகள் சமமாக விழ வேண்டும். தாடையைப் பக்கவாட்டில் தள்ளும்போது எங்கும் தடைபடாமல் வழுக்க வேண்டும். கடைசியாக உதட்டை மூடி எச்சில் விழுங்கிப் பாருங்கள். உதடு மூடவில்லை என்றால் முன்பக்கம் தடிப்பு கூடிவிட்டது.

ஏழாம் படி: முதல் இரண்டு வாரம்

படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டுப் பழகுங்கள். எச்சில் அதிகம் ஊறும், சில நாளில் அடங்கும். விரலால் அழுத்திப் போடுங்கள், கடித்து ஏற்றாதீர்கள். கழற்றும்போது இரு கடைவாய்ப் பக்கத்தையும் சேர்த்து விடுவியுங்கள். முன்பக்கம் பிடித்து இழுத்தால் பாரம் வினீரில் விழும்.

காலையில் கடி சற்று மாறினாற்போல் இருந்து சில நிமிடத்தில் சரியாவது இயல்பு. ரப்பர்ப் பால் வெட்டப் போகவோ செம்பனை ஆலை ஷிஃப்டுக்கோ விடியலில் கிளம்புபவர், பசியாறும்போதும் பல் சேரவில்லை என்றால் குறித்து வைத்துத் திருத்தப் போகும்போது சொல்லுங்கள்.

குளிர்ந்த நீர், மென்மையான பிரஷ், ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு: கழுவ இவை போதும். பற்பசை கீறல் போடும், வெந்நீர் வளைத்துவிடும். வெயிலில் நிற்கும் காரிலோ மோட்டார் சீட்டுக்கு அடியிலோ வைத்தால் ஒரே மத்தியானத்தில் வடிவம் போய்விடும். காற்றுத் துளையுள்ள டப்பாவில் காய வைத்து மூடுங்கள். திறந்து வைத்தால் எச்சில் வாடைக்கு நாய் அதை எடுத்துக் கடித்துவிடும்.

ஆறு மாதப் பரிசோதனைக்குக் கார்டையும் எடுத்துப் போங்கள். எங்கே தேய்ந்திருக்கிறது என்பதைப் பார்த்தே மருத்துவர் உங்கள் கடியைப் படித்துவிடுவார். இதற்கிடையில் வினீர் கழன்றால், அந்தத் துண்டைக் கழுவி ஒரு டப்பாவில் வையுங்கள். கடைப் பசை போட்டு ஒட்டாதீர்கள். மருத்துவர் பார்க்கும் வரை அந்தத் தாடைக் கார்டைப் போடவும் வேண்டாம்.