நீலகிரி அமில மண்ணுக்கு டோலமைட் இடுவது எப்படி?

மலையில் கொட்டும் மழை, மண்ணிலுள்ள கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கரைத்துக் கொண்டுபோய்விடுகிறது. போகத்துக்குப் போகம் போடும் அம்மோனியம் சல்பேட்டும் யூரியாவும் மண்ணின் புளிப்பை (அமிலத்தன்மையை) மேலும் ஏற்றுகின்றன. பிஹெச் (புளிப்பைக் காட்டும் அளவு, எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 5.5-க்குக் கீழே இறங்கினால் அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் குட்டையாக்கிவிடும். போட்ட சூப்பர் பாஸ்பேட்டையும் இரும்பும் அலுமினியமும் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த நிலத்தில் உரத்தைக் கூட்டுவது காசைக் கரைப்பதுதான். முதலில் டோலமைட் (கால்சியமும் மெக்னீசியமும் உள்ள சுண்ணாம்புக்கல் தூள்) இட்டுப் புளிப்பைக் குறைக்க வேண்டும்.

மண் எடுத்தல்: வரப்போரம், மரநிழல், எரு கொட்டிய இடம் எல்லாம் விட்டுவிடுங்கள். 15–20 இடங்களில் 15 செ.மீ. ஆழத்துக்கு ‘வி’ வடிவில் வெட்டி, குழியின் பக்கச் சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் மண்ணைச் சீவி எடுங்கள். கலந்து, நிழலில் உலர்த்தி, அரை கிலோ கொடுத்தால் போதும். பரிசோதனை நிலையத்தில் பிஹெச்சோடு ‘சுண்ணாம்புத் தேவை’யையும் (புளிப்பைக் குறைக்க எவ்வளவு சுண்ணாம்பு வேண்டும் என்ற அளவு) கட்டாயம் கேளுங்கள். பிஹெச் ஒன்றாகவே இருந்தாலும், மணற்பாங்கான மண்ணைவிடக் களியும் மக்கும் நிறைந்த மண்ணுக்குப் பல மடங்கு தேவைப்படலாம்.

அளவு: தூய கால்சியம் கார்பனேட்டாக ஹெக்டேருக்கு 2 டன் என்று அறிக்கை சொன்னால், ஏக்கருக்குச் சுமார் 800 கிலோ, சென்ட்டுக்கு 8 கிலோ. வாங்கும் டோலமைட்டின் நடுநிலையாக்கும் திறன் (தூய கால்சியம் கார்பனேட்டோடு ஒப்பிட்டால் புளிப்பை முறிக்கும் வலு) 90 சதவீதம் என்றால் 8-ஐ 0.9-ஆல் வகுங்கள், சென்ட்டுக்கு ஏறக்குறைய 9 கிலோ. மூட்டையைப் பிரித்து ஒரு சிட்டிகை தேய்த்துப் பாருங்கள். மாவாக இருக்க வேண்டும். குருணையாக இருந்தால் இந்தப் போகத்துக்கு உதவாது, கரையவே ஆண்டுக்கணக்காகும். மலிவு என்று ஜிப்சம் வாங்காதீர்கள். கால்சியம் கிடைக்கும், பிஹெச் ஏறாது.

தூவுதல்: நடவுக்கு மூன்று வாரமாவது முன்பு, மண்ணில் ஈரம் இருக்கும்போது, காற்றடிக்காத காலையில் தூவுங்கள். பாதியை நீளவாக்கிலும் மீதியைக் குறுக்காகவும் தூவினால் திட்டுத்திட்டாக விழாது. அன்றே 15 செ.மீ. ஆழம்வரை கொத்திக் கலந்துவிடுங்கள். மேலே கிடந்தால் வேர் இருக்கும் ஆழத்துக்கு இறங்கவே இறங்காது. தொழுவுரத்தையும் யூரியாவையும் இதோடு சேர்த்துப் போடாதீர்கள். தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும்.

கேரட்டுக்கு பிஹெச் 6 போதும். அதற்கு மேல் ஏற்றினால் துத்தநாகமும் போரானும் மாங்கனீசும் செடிக்குக் கிடைப்பது குறையும். முட்டைக்கோஸில் வேர் வீங்கும் நோய் கண்ட நிலத்தில் மட்டும் 7 வரை போகலாம். ஆனால் அங்கே அடுத்து உருளைக்கிழங்கு வைத்தால் கிழங்கில் சொறி வரும். அதனால் உருளையை முதலில் எடுத்துவிட்டு, பிறகு டோலமைட் போட்டுக் கோஸ் நடுங்கள். பக்கத்துத் தேயிலையில் தூள் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதற்கு 4.5–5.5 தான் பிடிக்கும்.