ஸ்காட்லாந்தின் பழைய கிர்க்கைப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்காட்லாந்தில் ஊர்த் தேவாலயத்தைக் கிர்க் என்பார்கள். சென்னை எழும்பூர் கிர்க்கைத் தெரிந்தவர்களுக்குப் பழகிய சொல்தான். அப்படியொரு பழைய கிர்க்குக்குள் நுழைந்ததும் நம் கண் தானாகக் கிழக்கே போய்ப் பலிபீடத்தைத் தேடும். முதல் தவறு அதுதான். 1560இல் சமயச் சீர்திருத்தம் வந்து, ஸ்காட்லாந்து கத்தோலிக்கத்தை விட்டுப் புராட்டஸ்டண்ட் வழிக்கு மாறிய பிறகு அங்கே எல்லாமே பிரசங்கத்தைச் சுற்றித்தான். பிரசங்க மேடையைப் பெரும்பாலும் நீளவாட்டுச் சுவரின் நடுவில் வைத்தார்கள். அதற்கு எதிரே ஒரு சிறகைச் சேர்த்ததால் பல கிர்க்குகள் ஆங்கில 'டி' எழுத்து வடிவத்துக்கு வந்தன. மேடை எங்கே, யார் எங்கே உட்கார்ந்து அதைப் பார்த்தார்கள் என்று தேடுங்கள். பாதிக் கட்டடம் புரிந்துவிடும்.

இதைக் கண்ணால் காண பர்ன்டைலண்ட் போக வேண்டும். ஃபோர்த் கழிமுகத்தின் வடகரையில், ஃபைஃப் பகுதியில் இருக்கும் துறைமுக ஊர். 1592ஆம் ஆண்டுக் கிர்க். நீளமாக இல்லாமல் சதுரமாக இருக்கிறது. நடுவே நான்கு பருத்த கல்தூண்கள், சுற்றிலும் மர மாடங்கள், அதாவது மேல்தள இருக்கைகள். மாடங்களின் முகப்புப் பலகைகளில் கப்பல்களும் தொழிற்குழுக்களின் சின்னங்களும் வரைந்திருக்கிறார்கள். மாலுமிகளின் மாடத்துக்கு மட்டும் வெளிச்சுவரை ஒட்டிப் படிக்கட்டு. கடல் ஏற்றம் பார்த்துக் கிளம்ப வேண்டியவர்கள் பிரசங்கத்தைக் கலைக்காமல் இறங்கிப் போகத்தான் என்பார்கள். ஏதோ பராமரிப்புப் படி என்று நினைத்துக் கடந்துவிடாதீர்கள்.

அடுத்தது, கோபுரத்தை வைத்து வயதைக் கணிப்பது. எடின்பரோவுக்கு மேற்கே உள்ள டால்மெனி கிர்க் 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. தெற்கு வாசல் வளைவைக் கிட்டே போய்ப் பாருங்கள். கல்லுக்குக் கல் விலங்குகளும் மனித உருவங்களும். மழை தின்று மழுங்கியும் இன்னும் அடையாளம் தெரிகிற மாதிரி இருக்கின்றன. அதற்கு மேலே ஒன்றையொன்று பின்னிக்கொள்ளும் குருட்டு வளைவுகள், அதாவது திறப்பில்லாமல் சுவரோடு ஒட்டிய அலங்கார வளைவுகள். மேற்குக் கோபுரமும் இதே காலம்தான் என்று தோன்றும். ஆனால் அது 1930களில் கட்டியது! வடக்கே ஒட்டியிருக்கும் 'ரோஸ்பெரி ஐல்' 1671இல் சேர்ந்தது. இந்த 'ஐல்' என்ற சொல்லும் ஏமாற்றும். மற்ற இடங்களில் அது தூண் வரிசைக்குப் பக்கத்து நடை. ஸ்காட்லாந்திலோ ஒரு நிலக்கிழார் குடும்பத்துக்கான தனிச் சிறகையும் அப்படித்தான் சொல்வார்கள். பல இடங்களில் மேலே அவர்கள் இருக்கை, கீழே அவர்கள் கல்லறை.

'கதீட்ரல்' என்ற பெயரையும் அப்படியே நம்ப வேண்டாம். கதீட்ரல் என்றால் ஆயரின் (பிஷப்பின்) தலைமை ஆலயம். எடின்பரோவின் செயின்ட் ஜைல்ஸை எல்லாரும் அப்படித்தான் அழைக்கிறார்கள். ஆனால் ஸ்காட்லாந்துத் திருச்சபையில் ஆயர்களே கிடையாது. அதுவும் ஒரு பங்கு ஆலயம்தான்.

கடைசியாகச் சுவர். சுண்ணாம்புக் காரையில் பொடிக்கல் கலந்து வீசியடிக்கும் பூச்சுக்கு ஹார்லிங் என்று பெயர். அசல் கல்லை மறைக்கிறதே என்று பலர் முகம் சுளிப்பார்கள். 19ஆம் நூற்றாண்டில் பல கட்டடங்களில் சுரண்டியே எடுத்துவிட்டார்கள். அந்த மழைக்கும் காற்றுக்கும் சுவர் போட்டிருந்த சட்டை அது. இதைவிட மோசம், மணற்கல் இணைப்புகளைச் சிமெண்ட் வைத்து அடைப்பது. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் விடாது. ஈரம் கல் வழியாக வெளியேறும், உறைபனியில் கல் பொரிந்து உதிரும். அப்படிப் பழுதுபார்த்த சுவரில் கையை வைத்துப் பாருங்கள்: சிமெண்ட் கோடுகள் விளிம்பாகத் துருத்திக்கொண்டிருக்கும், நடுவில் கல் கிண்ணம்போலக் குழிந்திருக்கும்.